கர்ண மோட்சமும் காலந்தாழ்ந்த சொல்லும்

காஞ்சி மாநகரை அடுத்துள்ள கூரம் சிற்றூர்தான். ஆயினும் அதன் பெயர் பெரிது. இராமானுசரின் தலைமைச் சீடராய் விளங்கிய கூரத்தாழ்வார் பிறந்த ஊர் அது. பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வழங்கிய செப்பேடுகள் கிடைத்த ஊரும் அதுவே. அச்செப்பேடுகளில் ஏரி வெட்டியதும் கோயில் எடுத்ததும் நிலம் பங்கிட்டதும் சொல்லப்படுகின்றன. அவற்றோடு, மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென ஒரு பங்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கூரத்து மக்கள் ஊர் கூடிப் பாரதம் கேட்டு வந்தது ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழக்கம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இன்றும் இப்பகுதியில் அறுவடை ஓய்ந்து வெயில் ஏறும் மாதங்களில் திரௌபதை அம்மன் கோயில்களில் பாரத விழா நடக்கிறது. பகலில் பிரசங்கியார் கதை சொல்வார். இரவில் அதே கதை கூத்தாக வரும். விழாவின் கடைசி நாட்காலையில் களிமண்ணால் செய்த துரியோதனன் உருவம் தரையில் நீண்டு கிடக்கும். பதினெட்டாம் போர் அங்கே முடியும். அந்த இரவுகளுள் மக்கள் விரும்பிக் காத்திருக்கும் இரவு ஒன்றுண்டு. அதுதான் கர்ண மோட்சம். விழாவில் மட்டுமன்று, இறந்தவருக்குச் செய்யும் கருமாதிச் சடங்கின் இரவிலும் இந்நாடகத்தை ஆடச் செய்வது இப்பக்கத்து வழக்கம். புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் இந்நாடகம் பெரிய எழுத்துப் புத்தகமாகவும் அச்சேறியிருக்கிறது. ஆயினும் ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு வாத்தியாருக்கும் தனித்தனிப் பாடம் உண்டு. ஆதலின் நான் சொற்களை எடுத்தெழுதாமல், எல்லாப் பாடத்துக்கும் பொதுவான கருத்துகளையே இங்கு ஆராயப் புகுகிறேன்.

"அறபு ஓதிய ஓர் ஆசிரியனுக்குக் கூத்தின் வசனத்தில் என்ன வேலை?" என்று வாசக அன்பர் சிலர் வினவலாம். நியாயமான வினாவே. வழிபாட்டில் நமக்குப் பங்கில்லை; அந்த எல்லை தெளிவானது. ஆனால் நம் மதரஸாக்களில் 'ஸப்உ முஅல்லகாத்' என்னும் ஏழு நெடும் பாடல்களை நமக்கு ஓதிக் கொடுத்தவர்கள் யார்? அவை இஸ்லாத்துக்கு முந்திய அறியாமைக் காலத்துப் பாடல்கள் அல்லவா? மொழியை அறியவும், மனித மனத்தை அறியவும், திருமறை எந்த மக்களிடையே இறங்கியது என்பதை அறியவும் அவற்றை நம் பெரியோர் ஓதினர். அறபு மண்ணுக்கு அது பொருந்துமாயின் நாம் பிறந்த மண்ணுக்கும் பொருந்தும். மேலும், பல திரௌபதை அம்மன் கோயில்களின் வாயிலில் முத்தால் ராவுத்தன் என்ற பெயரில் ஒரு முஸ்லிம் காவலன் நிற்பதை இப்பகுதியில் எவரும் அறிவர். அந்த வழிபாடு நம்முடையதன்று. ஆனால் அண்டை வீட்டாராய் நாம் வாழ்ந்த காலத்தின் நிழல் அதில் படிந்திருக்கிறது. அண்டை வீட்டில் விடிய விடிய அழுகிறார்கள் எனில், அவர்கள் எதற்காக அழுகிறார்கள் என்று அறிவதில் குற்றமில்லை.

பொன்னுருவி கேட்ட கேள்வி

திரைக்குப் பின்னிருந்து பாடியபடியே கர்ணன் வேடம் களரிக்குள் வரும். கட்டைக் கிரீடமும் புஜகீர்த்தியும் பெட்ரோமாக்ஸ் விளக்கில் மின்னிய காலம் போய், இப்போது மின்விளக்கில் மின்னுகின்றன. முகவீணை ஓங்கி ஒலிக்கும். பின்பாட்டுக்காரர் அடியை வாங்கித் திருப்பிப் பாடுவார். படைக்குத் தலைமை ஏற்றுப் போருக்குப் புறப்படும் கர்ணன் மனைவியிடம் விடைபெறச் செல்கிறான். அங்கேதான் முதல் அடி விழுகிறது.

பொன்னுருவி அரச குலத்தாள். கணவனோ தேரோட்டி வளர்த்த பிள்ளை. களத்துக்குச் செல்லும் வீரனை அவள் வாழ்த்தவில்லை. அவன் பிறப்பைக் கேட்டு இகழ்கிறாள். அவன் குலம் யாது, பெற்றவர் யார் என்பதே அவள் பேச்சின் சாரம். கட்டியங்காரன் இடையில் புகுந்து நகைச்சுவை செய்வான்; கூட்டம் சிரிக்கும். ஆனால் முன்வரிசையில் பாயில் அமர்ந்திருக்கும் பெண்களில் பலர் சிரிப்பதில்லை. அந்தக் கேள்வியைத் தம் வாழ்வில் கேட்டவர்களும் கேட்கப்பட்டவர்களும் அவர்களிடையே இருப்பர்.

நம்மவரிடையே அக்கேள்வி இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல இயலுமா? ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் உரச நிற்கிறோம்; ஒரே தட்டில் கைநனைக்கிறோம். பெண் கேட்கப் போகும்போது மட்டும் மரக்காயரா, ராவுத்தரா, லெப்பையா, தக்கனியா என்று நாவு தானாகக் கேட்கிறது. "வந்தவர்களா, வந்தபின் சேர்ந்தவர்களா?" என்றுகூடக் கேட்ட வீடுகளை நான் அறிவேன். நிகாஹ் பேசி முடித்து, தேதியும் குறித்தபின், பையனின் பாட்டனார் இன்ன சாதியிலிருந்து இஸ்லாத்துக்கு வந்தவர் என்று எவரோ காதில் ஓதியதால் நின்றுபோன மணம் ஒன்றின் துயரத்தை அருகிருந்து பார்த்தவன் நான். அன்று அந்தப் பெண்ணின் தாய் சொன்னவை பொன்னுருவியின் வசனங்களே. கிரீடமும் முகவீணையும் மட்டுமே இல்லை.

இதற்கு எதிரே வரலாறு நம் முன் வைக்கும் ஒரு மனிதர் ஸாலிம் (ரலி) அவர்கள். அடிமையாய் இருந்து விடுதலை பெற்றவர். தந்தை இன்னார் என மக்களால் அறியப்படாதவர். அபூஹுதைஃபா (ரலி) அவர்கள் அவரைத் தம் மகனாக வளர்த்தார்கள். குறைஷியரில் உயர்குடிப் பிறந்த தம் சகோதரர் மகளையே அவருக்கு மணமுடித்தும் வைத்தார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வருமுன், குபாவில் முஹாஜிர்களுக்கு முன்நின்று தொழுவித்தவர் இந்த ஸாலிம் அவர்களே. பின்னே நின்று தொழுதோரில் உமர் (ரலி) அவர்களும் இருந்தார்கள். குர்ஆனை நால்வரிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்று அண்ணலார் பெயர் குறித்த நால்வருள் ஒருவராகவும் அவர் இருந்தார். தந்தை பெயர் தெரியாதவருக்கு இமாமத்தும் கிடைத்தது. குறைஷிப் பெண்ணும் கிடைத்தது. பொன்னுருவியின் கேள்விக்கு இதனினும் தெளிவான விடை ஏது?

துரியோதனன் காட்டிய நம்பிக்கை

கர்ணன் ஏன் துரியோதனனை விட்டுப் பிரியவில்லை என்பதற்குச் செஞ்சோற்றுக் கடன் என்று ஒரே சொல்லில் விடை சொல்லிவிடுவது மரபு. உண்ட சோறு மட்டுமே அவனைக் கட்டிற்று என்று நான் எண்ணவில்லை. விளையாட்டின்போது துரியோதனன் மனைவியின் மணிமேகலை அறுந்து முத்துகள் சிதறிய கதையை அறியாத தமிழர் இலர். அதைக் கண்ட கணவன் ஐயுறவில்லை. சிதறிய முத்துகளைப் பொறுக்கித் தரவா, கோத்தே தரவா என்ற பொருளில் இயல்பாகக் கேட்டான் என்பர். பெற்ற தாய் ஆற்றில் விட்டாள், வித்தை அரங்கில் கூடியவர் குலம் கேட்டனர், மனைவியும் இகழ்ந்தாள். ஒருவன் மட்டும் அங்க நாட்டு முடியைத் தந்து, ஐயமின்றி நம்பவும் செய்தான். மதிப்பை முதலில் தந்தவனிடம் மனிதன் தன் நன்றியைக் கொண்டுபோய்க் கொட்டுகிறான். அவன் நல்லவனா தீயவனா என்று பார்ப்பதற்குள் நெஞ்சு கட்டுண்டுவிடுகிறது.

பிள்ளை வளர்ப்போர் இவ்விடத்தில் சற்று நின்று எண்ண வேண்டும். வீட்டிலும் பள்ளியிலும் ஜமாஅத்திலும் மதிப்பு கிடைக்காத இளைஞன், தெருமுனையில் தோள்மேல் கைபோடும் எவனுக்கோ உயிரையும் தரத் துணிகிறான். பின்னர் அவனைப் பார்த்து, "ஏன் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தாய்?" என்று வெகுள்கிறோம். நாம் தரத் தவறியதை அவர்கள் தந்தார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். எனினும் கர்ணனின் நன்றி முழுதும் சரி என்று சொல்வதற்கில்லை. அநீதி செய்யும் சகோதரனுக்கும் உதவுமாறு பணித்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அந்த உதவியாவது அவனை அநீதியினின்று தடுப்பதே என்றும் விளக்கினார்கள். நட்புக்கு உயிரைத் தந்த கர்ணன், அந்த ஓர் உதவியை மட்டும் நண்பனுக்குச் செய்யவில்லை.

தாயிடம் கேட்ட வரம்

நாடகத்தின் இதயம் இதுவே. போர் நெருங்கும்போது குந்தி வந்து, தான் பெற்றவள் என்று கர்ணனிடம் தனிமையில் சொல்கிறாள். சொன்ன வாயால் இரு வரங்களும் கேட்கிறாள். நாகாஸ்திரத்தை ஒரு முறைக்கு மேல் தொடுக்கலாகாது. அருச்சுனன் ஒழிந்த மற்ற நால்வரைக் கொல்லலாகாது. அவனும் தருகிறான். பதிலுக்கு அவன் கேட்பது நாட்டையன்று, உயிரையுமன்று. தான் வீழ்ந்து கிடக்கும்போது வந்து மடியில் எடுத்துக் கிடத்தி, இவன் என் மகன் என்று உலகறியச் சொல்லி அழ வேண்டும் என்பதே அவன் வேண்டுகோள்.

இதைக் கேட்டுக் கூட்டம் கண்ணீர் வடிக்கும். கர்ணனின் பெருந்தன்மையைப் புகழ்வோர் உண்டு. விதியின் கொடுமையைப் பழிப்போரும் உண்டு. எனக்குத் தோன்றும் பொருள் வேறு. ஒரே ஒரு சொற்றொடருக்காக ஒரு மனிதன் வாழ்நாள் முழுதும் காத்திருந்தான். உயிருள்ளபோது அது தனக்குக் கிடைக்காது என்று தெரிந்துகொண்டு, பிணமானபின்னராவது கிடைக்கட்டும் என்று கேட்டான். அரங்கில் குலம் கேட்கப்பட்ட அன்று அந்தச் சொல் வந்திருந்தால் ஒருவேளை குருக்ஷேத்திரமே வேண்டியிருந்திராது. வியாசர் பாரதத்தில் கர்ணன் கண்ணனிடம் இதையே சொல்கிறான்: உண்மை தெரிந்தால் தருமன் அரசை எனக்கே தந்துவிடுவான், நானோ அதைத் துரியோதனனிடம் கொடுத்துவிடுவேன், ஆகவே சொல்லாதே என்கிறான். அதாவது, காலம் கடந்தபின் அந்த உண்மையைப் பயன்படுத்தவும் வழியில்லாமற் போயிற்று. மருந்தும் வேளை தப்பினால் மருந்தாவதில்லை.

அறபு இலக்கியம் ஓதியோருக்கு இங்கே அன்தரா நினைவுக்கு வருவார். முஅல்லகாத் பாடிய எழுவருள் ஒருவரான அவர், ஹபஷி அடிமைத் தாய்க்குப் பிறந்தவர். தந்தை ஷத்தாத் அவரை மகன் என்று ஏற்கவில்லை. ஒட்டகம் மேய்க்க விட்டிருந்தார். ஒரு நாள் பகைவர் கூட்டம் வந்து குலத்தைத் தாக்கியது. தந்தை அவரைப் பார்த்துப் பாய்ந்து போரிடு என்றார். அடிமைக்குப் பால் கறக்கத்தான் தெரியும், போரிடத் தெரியாது என்ற கருத்தில் மகன் விடையிறுத்தார். போரிடு, நீ விடுதலை பெற்றவன் என்று தந்தை சொன்ன பின்னரே அவர் வாள் எடுத்தார் என்பர். தேவை வந்தபோதாயினும் ஷத்தாத் வாய் திறந்தார்; மகன் உயிரோடு அதைக் கேட்டார். குந்தியும் தேவை வந்தபோதுதான் வாய் திறந்தாள், ஆனால் தனியாகத் திறந்தாள், ஊரறிய அன்று.

குந்தியை மட்டும் பழித்துவிட்டு நாம் எழுந்து போய்விடலாகாது. வியாசர் நூலில், போர் முடிந்து நீர்க்கடன் செய்யும் வேளையில் உண்மை வெளிப்பட்டதும், தருமர் வெகுண்டு பெண்குலம் முழுவதும் இரகசியம் காக்க இயலாது போகட்டும் என்று சபித்துவிட்டாராம். ஒருத்தியின் பிழைக்கு எல்லாப் பெண்களுக்கும் தண்டனை! அவள் அப்போது மணமாகாத சிறுமி. ஊரின் நாவுக்கு அஞ்சினாள். அந்த நாவை அவ்வளவு கூராகத் தீட்டி வைத்திருந்தவர்கள் யார் என்று தருமர் கேட்கவில்லை. பொன்னுருவி குலத்தைக் கேட்டு இகழ்ந்தாள். குந்தி குலத்தை மறைத்துக் காத்தாள். இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள். கேட்கும் நாவு கொடியதாயிருக்கும் ஊரில் சொல்லும் நாவு ஊமையாகிவிடுகிறது.

திருமறை இந்நோய்க்கு இரு பக்கமும் மருந்திடுகிறது. அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் ஐந்தாம் வசனம், வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களைப் பெற்ற தந்தையர் பெயராலேயே அழைக்கப் பணிக்கிறது. தந்தையர் அறியப்படாவிடில் அவர்கள் மார்க்கத்தில் உங்கள் சகோதரர்கள் என்கிறது. முஹம்மதின் மகன் ஸைத் என்று அழைக்கப்பட்டவர் அதன்பின் ஹாரிஸாவின் மகன் ஸைத் ஆனார். ஸாலிம் அவர்களின் பெயர் வழக்கும் அவ்வாறே மாறிற்று. அண்ணலாருக்கு ஸைத் (ரலி) அவர்கள்பால் இருந்த அன்பு அணுவளவும் குறையவில்லை. அல்ஹுஜுராத் அத்தியாயமோ, குலங்களும் கிளைகளும் ஒருவரையொருவர் அறிவதற்கே, பெருமை கொள்வதற்கல்ல என்ற கருத்தைத் தருகிறது. பிறப்பை மறைக்காதே என்பது ஒரு கட்டளை. பிறப்பைக் கொண்டு இகழாதே என்பது மற்றொன்று. முன்னதைச் சொல்லிப் பின்னதை விட்டால் சொல்பவன் இரக்கமற்றவன் ஆவான். பின்னதைச் சொல்லி முன்னதை விட்டால் உண்மை புதைந்து போகும்.

இது ஏட்டுச் செய்தியன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தம்பதியர் ஏழு வயதுப் பையனை மக்தபில் சேர்க்க அழைத்து வந்தனர். பதிவேட்டில் தந்தை பெயர் எழுதும்போது அந்த மனிதர் சற்றுத் தயங்கித் தம் பெயரையே சொன்னார். பையனை வெளியே விளையாட அனுப்பிவிட்டு மெல்ல விசாரித்தேன். பெற்றோர் இருவரையும் இழந்த உறவுக் குழந்தை அவன்; மூன்றாம் மாதத்திலிருந்து இவர்கள் வளர்ப்பு. அநாதையை வளர்ப்பதன் பெருமையையும் மேற்சொன்ன வசனத்தின் பொருளையும் எடுத்துச் சொன்னேன். அந்த அம்மையார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "ஹஜ்ரத், அவனுக்குத் தெரிஞ்சா எங்களை விட்டுப் போயிடுவானே!" என்றார்.

"இல்லம்மா. நீங்க சொன்னா அவன் போகமாட்டான். ஊரு சொன்னாத்தான் போவான்" என்றேன். பதிவேட்டின் அந்தக் கட்டத்தை ஒரு வாரம் வெறுமையாக விட்டு வைத்தேன்.

அந்த ஒரு வாரத்துக்குள் அவர்களே பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்கள். பையன் இரண்டு நாள் பேசவில்லையாம். மூன்றாம் நாள், "அப்ப எனக்கு ரெண்டு அத்தாவா?" என்று கேட்டானாம். அவன் பெற்ற தந்தையின் பெயரைப் பதிவேட்டில் எழுதினேன். பொறுப்பாளர் என்ற இடத்தில் வளர்த்தவர் பெயரை எழுதினேன். வளர்ப்புப் பிள்ளை வாரிசாகான் எனினும், சொத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் செய்யலாம் என்பதையும், உயிரோடிருக்கும்போதே அன்பளிப்பாக எழுதி வைக்கலாம் என்பதையும் அவர்களுக்கு விளக்கினேன். குர்ஆன் ஓதி முடித்து, இப்போது அவன் மீசை முளைத்த இளைஞன். பெருநாளன்று வளர்த்த தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டே ஈத்காவுக்கு வருகிறான்.

இல்லை என்னாத வரம்

களத்தில் அம்பு தைத்துக் கிடக்கும் கர்ணனிடம் கண்ணன் முதிய அந்தணனாய் வந்து, செய்த புண்ணியம் அனைத்தையும் தானமாகக் கேட்கிறான். கர்ணன் தன் குருதியையே தாரையாக வார்த்துக் கொடுக்கிறான். வரம் கேள் என்றபோது, இன்னொரு பிறவி உண்டாயின் கேட்டவர்க்கு இல்லை என்னாத மனம் வேண்டும் என்கிறான். மறுபிறவி நம் நம்பிக்கையன்று. அந்த மனம் நமக்கும் வேண்டியதே. தமிழ் நாவில் கொடைக்கு உவமையாகக் கர்ணனோடு நிற்பவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி அல்லரோ? செத்தும் கொடுத்தார் என்ற புகழ் அவருக்கு. ஒருவர் சாகும்போதும் கொடுத்தார்; மற்றவர் செத்தபின்னும் கொடுத்தார் என இரு கதைகளையும் ஒரே மூச்சில் சொன்ன தமிழ், வந்தவர் யார், வாழ்ந்தவர் யார் என்று பிரித்துப் பார்க்கவில்லை.

ஆயினும் ஓதியவன் மனம் இங்கே இன்னொன்றையும் எண்ணுகிறது. மறுமையில் உண்மையான வறியவன் யார் என்று அண்ணலார் (ஸல்) தம் தோழர்களிடம் ஒருமுறை கேட்டார்கள். தொழுகையும் நோன்பும் ஜகாத்தும் சுமந்து வந்தும், ஒருவரை ஏசி, ஒருவர்மீது பழி சுமத்தி, ஒருவர் பொருளைத் தின்றதனால் தன் நன்மைகளையெல்லாம் அவர்களுக்குப் பறிகொடுத்து நிற்பவனே வறியவன் என்று விளக்கினார்கள். கர்ணன் விரும்பிக் கொடுத்து வெறுங்கையனானான். நம்மில் பலர் நாவினால் பறிகொடுத்து வெறுங்கையராகும் ஆபத்தில் இருக்கிறோம். ஒருவன் பிறப்பை இகழ்ந்த ஒரு வார்த்தை, எத்தனை தஹஜ்ஜுத்துகளை விழுங்குமோ, யார் அறிவார்?

கொடையிலும் பெரிய கொடை ஒன்றுண்டு. உரிய வேளையில் உரிய மனிதனைப் பார்த்து, "நீ எங்களைச் சேர்ந்தவன்" என்று சொல்வதே அது. அதற்குப் பொருட்செலவு இல்லை. குருதி வார்க்கவும் வேண்டியதில்லை. புதிதாய் இஸ்லாத்துக்கு வந்த குடும்பத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கலாம். பிரிந்து சென்ற தம்பியிடம், வறுமையால் ஒதுங்கிய உறவினரிடம், வளர்ப்புப் பிள்ளையிடம் சொல்ல வேண்டியிருக்கலாம். சொல்லும் ஓர் அமானிதமே. உரியவரிடம் உரிய காலத்தில் ஒப்படைக்கப்பட வேண்டியது. மையித்தின் தலைமாட்டில் நின்று, "நல்ல மனிதர், எங்களுக்கு மிக வேண்டியவர்" என்று எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! கஃபனுக்குள் இருப்பவரோ அதைக் கேட்க ஏங்கியபடியே போய்ச் சேர்ந்திருப்பார்.

கர்ண மோட்சம் விடியற்காலையில் முடிகிறது. குந்தியின் ஒப்பாரி களரியெங்கும் ஒலிக்கும். இவன் என் மகன் என்று அவள் ஊரறியச் சொல்வாள். கேட்க வேண்டியவன் மட்டும் கேட்பதில்லை. கூட்டம் பாய்களைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பும். நம் வீடுகளில் அந்தச் சொல்லுக்காக யாரேனும் காத்திருப்பாராயின், அவர் உயிரோடிருக்கும் இப்போதே அதைச் சொல்லிவிடுவோமாக. நாவுக்கும் நெஞ்சுக்கும் உரிய நாயன் நமக்கு அந்தத் துணிவைத் தருவானாக, ஆமீன்.